ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் எழுத்து

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மேல்தளத்தில் நிற்கிற வேலை இல்லை. அடியில், இயந்திர அறையில், எண்ணெயும் சூடுமாகக் கிடக்கிற வேலை. ஒரு தடவை ஏறினால் ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் வீடு திரும்ப மாட்டார். கல்யாணமான புதிதில் கேட்டவர்கள் எல்லாரும், "அதனால என்ன, இப்பதான் போன் இருக்கே" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன் இருந்தது. பேசத்தான் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. கப்பலில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிற இணையத்தை அந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு மதியத்தில் கூப்பிடுவார். வாரம் முழுக்க அந்த மணிச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். எடுத்ததும், "சாப்ட்டியா?" என்பார். "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு. அங்க மழையா?" "வெயில்." "அம்மா?" "டி.வி. பாக்குறாங்க." அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும். அவருக்கு அதே இயந்திரம், அதே தண்ணீர். எனக்கு அதே திருவொற்றியூர், அதே அலுவலகம். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது, எந்த லாரியில் போனது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கணினியில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உலகமெல்லாம் சுற்றி வந்த பெட்டிகள் அவை. நான் யார்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, பேச்சு நின்று போய் வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

"லைன்ல கீறியா?" என்றார்.

"இருக்கேன்."

"எதுனா சொல்லேன்."

"நீங்க சொல்லுங்க."

"இன்னா சொல்றது? இங்க இன்னா கீது சொல்றதுக்கு?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. சலிப்பு இருந்தது. அவர் தூரத்தில் இருப்பது பழகிவிட்ட விஷயம். எங்களுக்குள் பேச்சு தீர்ந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி தன் மகளை நடைவழியில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை தொண்டை கிழியக் கத்தியது. "அ... அணில்! ஆ... ஆடு!"

"இன்னா சத்தம் அது?" என்றார்.

"பக்கத்து வீட்டுப் பாப்பா. ஸ்கூல்ல சேக்கப் போறாங்களாம்."

சிரித்தார். பல வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. "நம்மளும் அ-ல இருந்து ஆரம்பிக்கலாமா?"

"எதை?"

"பேசத்தான்."

அப்படித்தான் அது தொடங்கியது. வாரத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்குகிற ஏதாவது ஒன்றை, இதுவரை வாழ்நாளில் செய்யாத ஒன்றை, அவர் அங்கே செய்ய வேண்டும், நான் இங்கே செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்ல வேண்டும். பெரிய காரியமாக இருக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. பொய் சொல்லக் கூடாது என்பது அவருடையது.

அ என்றதும் எனக்கு உடனே தோன்றியது அத்தோ. நான் தெற்கத்தி மளிகை வியாபாரக் குடும்பத்துப் பெண். யானைக்கவுனியில் அப்பாவுக்கு மொத்த வியாபாரம். "ரோட்டுல நின்னு திங்கிற பழக்கம் நமக்குக் கிடையாது" என்று சொல்லியே வளர்த்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அந்தச் சாப்பாட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வண்டிகளில் தினமும் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு நாளும் இறங்கியதில்லை.

அந்த வாரம் இறங்கினேன். வண்டிக்காரர் என்னைப் பார்த்ததுமே, "இன்னாக்கா, புதுசா?" என்றார். எப்படித் தெரிந்ததோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். மேலே ஒரு மொறுமொறு வடையை நொறுக்கிப் போட்டார். கூடவே வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஒரு பக்கம் டிரெய்லர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. காரத்தில் மூக்கில் தண்ணீர் வந்தது. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கொஞ்ச நேரம் பயம். அப்புறம் அதுவும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வண்டி? மரத்தாண்ட கீறதா, பெட்ரோல் பங்காண்ட கீறதா? சூப் சூடா இருந்துதா? எலுமிச்சம்பழம் புழிஞ்சாரா? பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்து அவர் தின்ற சாப்பாடு அது. கடைசியில், "முதல்லேர்ந்து இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். எனக்குப் புதிது என்று நான் செய்தது அவருக்கு ஊர் ஞாபகமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அண்ணாந்து படுத்தேன்."

"என்னது?"

"டெக்குல போயி, மல்லாக்க, அண்ணாந்து பாத்துகினு படுத்தேன். சாயங்காலம். இத்தினி வருசம் கப்பல்ல கீறேன், டூட்டி முடிஞ்சா ரூமு, ரூமு வுட்டா டூட்டி. வானத்த பாத்து படுத்ததே இல்ல. மேகம் போய்கினே இருந்துச்சு."

அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தேன் போலிருக்கிறது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த என் மாமியார் திரும்பி, "அது இன்னாடா புதுசு? தூங்குனேன்னு சொல்லு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அத்தோ துன்னியா நீ? எனக்கு ஏன் வாங்கியாரல?" என்றார்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. மகனைத் தனியாக வளர்த்தவர். தீப்பெட்டி ஆலை மூடுகிற வரைக்கும் அதில் வேலை செய்தார். மூடிய பிறகு முழங்கால் வலியும் சீரியலுமாக ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடியில் இருந்தார். குழம்பில் உப்பு, தண்ணீர் லாரி, கேஸ் சிலிண்டர், இவற்றைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. அன்று முதல் அவரும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். சேர்ந்தார் என்பதைவிட ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் என்பதுதான் சரி.

ஆ வந்ததும் கீழ்வீட்டு ஆட்டோக்காரரைப் பிடித்து, லாரி நிறுத்துகிற மைதானத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "எத்தினி நாளைக்கு பின்னாடியே குந்துவ? ஓட்டு" என்றார். நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. ஆட்டோ என்னைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. ஆட்டோக்காரர், "அக்கா, கிளச்ச வுடு! மெதுவா வுடு! ஐயோ!" என்று கூடவே ஓடி வந்தார். மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஈ-க்கு ஒன்றும் கிடைக்காமல் திண்டாடினோம். "இங்க ஒரு ஈ கூட கெடையாது, நான் எங்க போவேன்?" என்று அவர் அங்கிருந்து புலம்பினார். சில வாரங்கள் அப்படித்தான். எதையோ ஒப்பேற்றினோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. அவருடைய இணையம் தீர்ந்து, பாதிப் பேச்சில் அறுந்துபோகிற அளவுக்குப் பேசினோம். சொல்ல வந்ததில் மீதி அடுத்த வாரம் வரை நெஞ்சுக்குள் கிடக்கும்.

ஊ வாரத்தை நான் மறக்க மாட்டேன். மாநகராட்சிப் பூங்காவுக்குப் போகலாம் என்றார் மாமியார். ஊஞ்சல். நான் ஆடப் போகிறேன் என்று நினைத்துத்தான் போனேன். அவர் நேராகப் போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காவலாளி ஓடி வந்தார்.

"பெரியவங்க உக்காரக் கூடாதும்மா. சங்கிலி அறுந்துடும்."

"நான் இன்னா யானையா? போய்யா. கொஞ்ச நேரம்."

"போர்டு போட்டிருக்கு பாருங்க. குழந்தைங்களுக்குத்தான்."

"நான் கொழந்தையா இருக்கறப்போ ஊஞ்சல் இல்ல. இப்ப கீது. இன்னா பண்ண சொல்ற?"

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். நல்ல மனிதர்.

மாமியாருக்குக் காலை உதைத்து எழும்பத் தெரியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. "தள்ளு" என்றார். நான் பின்னால் போய் அவர் முதுகில் கை வைத்தேன். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஜாக்கெட்டுக்கு மேலே முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. தோற்றத்தில் அத்தனை பெரிய ஆள், தொட்டால் இவ்வளவு லேசு. மெதுவாகத் தள்ளினேன். கொஞ்ச நேரம் ஆடினார். அப்புறம் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் சின்னதா இருக்கறப்போ இட்டாந்து ஆட்டிவுடுவேன். நான் பின்னாடியே நின்னுகினு இருப்பேன். போயி போயி என் கையாண்டயே வருவான். இப்ப போனா எங்க வரான்?"

நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். நான் என் கணவருக்காக ஏங்குகிறேன் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். ஒரே ஆளுக்காக அந்த வீட்டில் இரண்டு பேர் ஏங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஞாயிறு, போன் மணி அடித்ததும் முதலில் மாமியாரிடம் கொடுத்தேன்.

எ வாரம் என் கணவரே சொன்னார்.

"எ-க்கு நான் புதுசா ஒண்ணியும் தேட வேணாம். எண்ணூர் வரோம்."

இத்தனை வருடத்தில் அவர் போகாத துறைமுகம் இல்லை. சொந்த ஊர்த் துறைமுகத்துக்கு மட்டும் அவர் கப்பல் வந்ததே இல்லை. இப்போது இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு வருகிறது. இறக்கி முடிக்க இரண்டு மூன்று நாளாவது ஆகும். வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கினால் ஒரு பகல் முழுக்க வீட்டில் இருக்கலாம்.

மாமியார் வீட்டைக் கழுவிவிட்டார். திரைச்சீலைகளைத் துவைத்தார். நான் வஞ்சிரம் வாங்கலாமா என்று கேட்டதற்கு, "கடல்லயே கெடக்குறவனுக்கு மீனு இன்னாத்துக்கு? கறி வாங்கு. எலும்பு போட்டு வாங்கு" என்றார். யார்டில் எனக்கு விரல் ஓடவில்லை. கப்பல்களின் பெயர்ப் பட்டியலில் அவர் கப்பலின் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தேன். அது எங்கள் பட்டியலில் வராது, அது நிலக்கரிக் கப்பல், தெரிந்தும் தேடினேன்.

கப்பல் வந்தது. துறைமுகத்துக்குள் வரவில்லை. உள்ளே இடம் காலியாகிற வரை வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நம் ஊர் டவர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையாக இல்லாத ஒரு நாளில், சாதாரண நம்பரிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து பேசுகிற மாதிரி அவர் குரல் வந்தது.

"அனல் மின் நிலையத்து பொகைபோக்கி தெரியுது. அதுக்கு இடது கைப்பக்கம் நீங்க கீறீங்க."

மாமியார் போனைப் பிடுங்கினார். "நைனா, நான் நம்ம போட்டுக்காரப் பையன் படகுல உன்னாண்ட வரட்டா? காசிமேட்டுலேர்ந்து எத்தினி நேரம்?"

"ம்மா, கப்பலாண்ட உடமாட்டாங்கம்மா. சும்மா இரு. ரெண்டு நாளு. நானே வரேன்."

இரண்டு நாள் மூன்று நாளானது. அதற்குள் எழுத்து ஏ ஆகிவிட்டது. ஏ என்றால் ஏணி என்று நான்தான் சொன்னேன். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற ஓர் இரும்பு ஏணி உண்டு. துருப்பிடித்தது. நான் எந்த ஏணியிலும் ஏறியதில்லை. தொட்டி மேலே நின்றால் மற்றக் கட்டடங்கள் மறைக்காமல் கடல் முழுக்கத் தெரியும் என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார்.

"காலைல ஏறு" என்றார் அவர் போனில். "காலைல வெயிலு உங்க மூஞ்சில அடிக்கும். எனக்கு நல்லா தெரியும். எதுனா துணி எடுத்துகினு போ. ரெண்டாவது ஆபீசர் பைனாகுலர் தரேன்னு சொல்லிக்கீறாரு."

மாமியார் பீரோவைத் திறந்து, பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த ஆரஞ்சுப் புடவையை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. "இத்த கட்டினா ரோடு போடுற ஆளுன்னு நெனைப்பாங்கன்னு வெச்சிருந்தேன். இப்பதான் ஒதவுது" என்றார்.

நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். கீழே மாமியார் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் துரு உள்ளங்கையில் ஒட்டியது. மேலே போய் மண்டியிட்டு, பிறகு நின்றேன். காற்று தள்ளியது. கடல் முழுக்க வெளிச்சம். கண் கூசியது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கப்பல்கள் தள்ளித் தள்ளி நின்றிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"எது உங்களுது?" என்றேன் போனில்.

"கடைசில தனியா நிக்குது பாரு. நாலு கிரேன் கீது."

பார்த்தேன். நகத்தளவு இருந்தது. கிரேன்களா, என் கண்ணீரா, ஏதோ நாலு கோடுகள் தெரிந்தன.

கீழேயிருந்து மாமியார் கத்தினார். "கீறானா? நம்மாளு கீறானா?"

"கப்பல் தெரியுது அத்தை!"

"கப்பல யாரு கேட்டா!"

ஒரு கையால் புடவையை விரித்தேன். காற்று அதைப் பிடுங்கி அடித்தது. நெடுக விரிந்து, படபடவென்று சத்தம் போட்டது. காதில் போனை அழுத்திக்கொண்டு, "தெரியுதா?" என்றேன். அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. யாரோ ஹிந்தியில் ஏதோ சொன்னார்கள். திரும்பவும் கேட்டேன். "தெரியுதா?"

"தெரியுது" என்றார். பிறகு, "தெரியுது, தெரியுது. ஆரஞ்சு கலர்ல. நல்லா தெரியுது."

அவ்வளவு தூரத்திலிருந்து, இத்தனை கட்டடங்களுக்கு நடுவே, ஒரு புடவை தெரிந்திருக்குமா என்று நான் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். நிறம்தான் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேனே. ஆனால் அவரிடம் கேட்டதில்லை. கை வலிக்கிற வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. நிலக்கரியை வாங்கியவர்கள் வேறு துறைமுகத்தில் இறக்கச் சொல்லிவிட்டார்களாம். வடக்கே, ஆந்திரப் பக்கம். நங்கூரம் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் ரயில்ல வரேன்" என்றேன்.

"எந்த இடம், எப்ப உள்ள போவோம், பாஸ் தருவாங்களா, ஒண்ணியும் தெரியாது. நீ வந்து ஹார்பர் கேட்டாண்ட நின்னுகினு இருப்ப. எனக்கு உள்ள வேலையே ஓடாது. வேணாம்மா."

என்னை அவர் அம்மா போட்டுப் பேசுவது மிகவும் வருத்தமாக இருக்கும்போது மட்டும்தான். டவர் விட்டு விட்டு வந்தது. அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கடைசியாகக் கேட்ட சொல், "கறி" என்பது. கறியை என்ன செய்யச் சொன்னார் என்று தெரியவில்லை.

மாமியார் அதைச் சமைத்தார். ஆட்டோக்காரர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார். எனக்கும் போட்டார். அவர் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எழுத்து நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பழையபடி மழையா, வெயிலா என்றே பேசிக்கொண்டோம். ஐ என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஏ ஞாபகம் வரும்.

ஒரு நாள் யார்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், கூடத்து நடுவில் துணி துவைக்கிற பெரிய அலுமினியப் பாத்திரம். அதற்குள் சாக்கில் சுற்றிய பெரிய பனிக்கட்டி. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை தூக்கி, இரண்டு காலையும் அதில் வைத்திருந்தார். காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸை ஆட்டோக்காரரை விட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"ஐ வந்து எத்தினி நாளாச்சு? இன்னும் மூஞ்ச தூக்கிகினு கீற. வா, வந்து காலு வை" என்றார்.

"சளி பிடிக்கும் அத்தை."

"புடிச்சா புடிக்கட்டும். சொல்றதுக்கு ஒரு விசயமாச்சு."

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. காலை வைத்ததும் உச்சந்தலை வரை சுரீரென்றது. இரண்டு பேரும் கத்தினோம். லேசாக மீன் நாற்றம் வேறு. உணர்ச்சியே இல்லாமல் போகிற வரை போட்டி போட்டுக்கொண்டு காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். அந்த ஞாயிறு இதை மாமியார்தான் சொன்னார், நடித்துக் காட்டிச் சொன்னார். அந்தப் பக்கம் அவர் சிரிக்கச் சிரிக்க, நான் போனின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கடைசியில் வந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, விமானத்தில். இளைத்து, காதோரம் நரைத்து, வாசலில் பெட்டியோடு நின்றார். மாமியார் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நான் பின்னால் நின்று என் முறைக்காகக் காத்திருந்தேன்.

அதற்கு மேல் எனக்குக் குறை ஏதும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. அவர் மத்தியானமெல்லாம் தூங்கினார். சொன்னதைச் சாப்பிட்டார், குழாயைப் பழுது பார்த்தார், மாலையில் நண்பர்களோடு டீக்கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் அந்த நேரமும் வந்தது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில்தான் இருந்தோம். யாருக்கும் யாரிடமும் சொல்ல ஒன்றும் இல்லை. போன் மேசை மேல் சும்மா கிடந்தது. கையெட்டும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல, அவரோடு பேச வேண்டும் போல இருந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

துணி காயப்போட வாளியோடு மாடிக்குப் போனேன். கொடியில் இரண்டு துணி போட்டதும் என்னை அறியாமல் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்திவிட்டேன்.

"இன்னா? எங்க கீற?"

"மாடியில."

"கிளிப்பு வேணுமா? எடுத்தாரட்டா?"

"வேண்டாம். சும்மாதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். "பக்கத்து பிளாக்ல ஒருத்தர் மாடியில வாத்து வளக்கிறாரு. அது தொட்டிக்குள்ள இறங்கத் தெரியாம சுத்திச் சுத்தி வருது."

அந்தப் பக்கம் அவர் குரல் மாறியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல். "எத்தினி வாத்து?"

"மூணு. ஒண்ணு மட்டும் இறங்கிடுச்சு. மத்தது ரெண்டும் திட்டுது."

"நீ அத்தினி நேரமா அதத்தான் பாத்துகினு கீறியா?"

பேசினோம். வாத்தைப் பற்றி, யார்டில் புதிதாக வந்த மேலாளரைப் பற்றி, கப்பலில் கூட இருந்த பிலிப்பைன்ஸ் சமையல்காரர் தன் மகளுக்குப் போனிலேயே கணக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுக் கதவு திறந்தது. போனைக் காதில் வைத்தபடியே அவர் வந்து நின்றார். என் அருகில் வரவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம், ஈரத் துணிகளுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, போனிலேயே பேசினார். அவர் குரல் இரண்டு தடவை கேட்டது, ஒன்று காற்றில், ஒன்று காதில். நானும் வைக்கவில்லை. துணி காய்கிற வரை பேசினோம் என்று நினைக்கிறேன்.

அவர் திரும்பக் கிளம்பி இப்போது கொஞ்ச காலம் ஆகிறது. வேறு கப்பல், அதே அடித்தட்டு இயந்திர அறை. உயிரெழுத்து முடிந்துவிட்டதால் உயிர்மெய்க்கு வந்திருக்கிறோம், வாரத்துக்கு ஒரு வரிசை. க-வுக்கு மாமியார் கராத்தே கற்றுக்கொள்வேன் என்றார். டாக்டர் தடுத்துவிட்டார். ங-வில் ஒரு சொல்லும் கிடைக்காமல் எல்லாருக்கும் விடுமுறை.

இந்த வாரம் ச வரிசை. நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். யார்டிலிருந்து வந்ததும், லாரி மைதானத்தில், இருட்டுவதற்கு முன்னால். மாமியார் கேரியரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கூடவே வருகிறார். நடுவில் கையை விட்டுவிட்டு, விடாத மாதிரி பின்னாலிருந்து கத்துகிறார். லாரி ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறார்கள். நான் இன்னும் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, விழுந்தேன் என்றுதான் சொல்லப் போகிறேன். எங்கே விழுந்தே, எந்தக் கால், ரத்தம் வந்துதா, அம்மா எங்க இருந்துச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.